தோமாவும் அவர்களோடு இருந்தார்

கேள்வி:

எனக்கு 28 வயது. பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு எல்லாம் உண்டு. 3 வருடம் முன்பு கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்தேன். கணவர் குடும்பம் பெந்தெகொஸ்தே. சபையில் 80 பேர் இருப்பார்கள். நல்ல மனிதர்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 10 நாள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

நகையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அடுத்து அபிஷேகம், அதாவது பரிசுத்த ஆவியின் நிரப்புதல், பெற வேண்டும், அதற்கு அடையாளம் அந்நியபாஷை (ஜெபத்தில் கற்காத மொழியில் பேசுவது) என்றார்கள். ஒரு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்திலும் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். எனக்கு வரவில்லை. "ஏதோ தடை இருக்கு, பாரம்பரிய சபை ஆவி விடல" என்று பேச ஆரம்பித்தார்கள். போன மாதம் தாங்க முடியாமல், பக்கத்தில் இருந்த அக்கா சொல்வதையே கொஞ்சம் மாற்றி நானும் சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். அத்தை கட்டிப்பிடித்து அழுதார். இப்போது சபைக்கு முன்னால் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பொய் சொல்லிவிட்டேனா? இது மன்னிக்கப்படாத பாவமா? என் கணவருக்குக்கூடத் தெரியாது. சபையில் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். நான் ஆண்டவரை விசுவாசிக்கிறேன் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் நீளமானது. அதைச் சுருக்கி, ஊர், வயது போன்ற அடையாளங்களை மாற்றித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

முதலில், உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டோமோ என்ற பயத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர். ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்ற அந்த வசனம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று மத்தேயு 12-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். கண்ணெதிரே ஒருவன் சுகமானதைப் பார்த்துவிட்டு, இது பிசாசின் தலைவனால் நடந்தது என்று சொன்னவர்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது. ஒரு வருடமாகத் தலையில் கைவைத்து அழுத்தியதில் களைத்துப்போன பெண்ணுக்குச் சொன்னது அல்ல. பரிசுத்த ஆவியிடம் பொய் சொல்லி விழுந்து செத்த அனனியா சப்பீராளை நினைத்து நடுங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர்களை விசாரித்த பேதுரு, கொஞ்ச காலத்துக்கு முன்புதான் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு "அவரை அறியேன்" என்று சொன்னவர். நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த கூட்டத்துக்குப் பயந்து சொன்ன பொய். அவரைத்தான் ஆண்டவர் ஆடுகளை மேய்க்கச் சொன்னார்.

நீங்கள் சொன்னது பொய்தான். அதை நான் மழுப்பப் போவதில்லை, நீங்களும் மழுப்பவில்லை. ஆனால் அந்தப் பொய்யில் உங்கள் பங்கு எவ்வளவு, அந்த அறையின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து ஒரு கோட்டைக் காட்டுவார். பக்கத்தில் மூன்று கோடுகள். எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொல்வார்கள். பாவம், அந்த ஒருவர் என்ன செய்வார்? கூட்டம் தப்பாகச் சொன்ன சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தின் பதிலாகவே இருந்தன. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். வெறும் கோடு, முன்பின் தெரியாத ஆட்கள், சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதற்கே இப்படி. உங்கள் அறையில் இருந்தவர்கள் மாமியார், கணவர், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த அக்கா.

அந்தச் சோதனையில் எண்களைவிட என்னைப் பாதித்தது இன்னொன்று. கூட்டத்தோடு ஒத்துப்போனவர்களை ஆஷ் பிறகு விசாரித்தார். அவர்களில் சிலர், மற்றவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைக்கவே இல்லை. தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது, அதை வெளியே தெரியாமல் மறைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் "எனக்கு மட்டும்தான் வரவில்லை, என்னிடம்தான் ஏதோ தடை" என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. நான் எண்ணினேன்.

எனக்கு 16 வயதில் ஒரு வாலிபர் முகாம். கடைசி நாள் ராத்திரி, "எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள், யாரும் பார்க்க வேண்டாம்" என்றார் பிரசங்கியார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். இடது பக்கத்துத் தோழியின் கை மேலே, வலது பக்கமும் மேலே. என் கையும் போய்விட்டது. ஊழியத்துக்குப் போகவில்லை, ஆலோசகராகத்தான் ஆனேன். பல வருடம் கழித்து அந்த இடது பக்கத்துத் தோழியைச் சந்தித்தபோது அவள் சொன்னாள்: "நீ தூக்கிட்டேன்னு நெனச்சுத்தான் நான் தூக்குனேன்."

இது எங்கள் இரண்டு பேரின் கதை மட்டும் அல்ல. 1932-இல் ரிச்சர்ட் ஷாங்க் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரை ஆராய்ந்து எழுதினார். சபையின் விதிப்படி சீட்டாட்டம், மது எல்லாம் பாவம் என்று ஊரே வெளியில் ஒருமனதாகச் சொல்லும். அவரோ அந்த ஊரிலேயே தங்கி, நெருங்கிப் பழகி, மூடிய திரைக்குப் பின்னால் அதே ஆட்களோடு சீட்டாடினார். அவர்கள் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரும் உள்ளபடியே அந்த விதியை நம்புகிறார்கள், நாம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதனால் உங்கள் சபையில் அந்நியபாஷை பேசுகிற எல்லோரும் நடிக்கிறார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, ஆதாரமும் இல்லை. உண்மையாகவே ஜெபத்தில் கரைந்து பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். எண்பது பேரில் உங்களைப்போல இன்னும் இரண்டு பேராவது இருக்கக்கூடும், அவர்களும் உங்களைப் பார்த்து "இவளுக்குக்கூட வந்துவிட்டது" என்று கூசிக்கொண்டிருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் சாட்சி சொன்னால் அந்த இரண்டு பேரின் நெருக்கடி இன்னும் ஒரு படி ஏறும். சாட்சி சொல்லக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

உங்களைப் "பாரம்பரிய சபை ஆவி" என்றார்களே, அதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி இருந்த சபைகளில் பெரிய எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) உண்டானது. அப்போது சிலர் அந்நியபாஷை பேசியதாக அக்காலக் குறிப்புகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் வெடித்தது 1906-இல். அதற்கு 46 வருடம் முன்பே உங்கள் ஊர்ப் பக்கம் இது நடந்திருக்கிறது. அனுபவம் பழையது. ஆனால் "அபிஷேகத்துக்கு இதுதான் அடையாளம், எல்லோருக்கும் இது வர வேண்டும்" என்ற விதி அவ்வளவு பழையது அல்ல. 1901-இல் கான்சாஸ் மாநிலத்து டொப்பேக்காவில் ஒரு சின்ன வேதப் பள்ளி நடத்திய சார்ல்ஸ் பார்ஹம் என்பவரிடமிருந்து அது கிளம்பியது. 1916-இல் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் அதைத் தன் விசுவாச அறிக்கையில் எழுதிவைத்தது. இங்கிலாந்தின் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பான எலிம் சபைகள் அந்த விதியை வலியுறுத்துவதில்லை. ஆக, பெந்தெகொஸ்தே மக்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. விதியை வைத்திருக்கிற சபைகளிலும் பெரும்பாலானவை இதை அபிஷேகத்துக்கு அடையாளம் என்கின்றனவே தவிர, இரட்சிப்புக்கு அடையாளம் என்று சொல்வதில்லை. உங்களை யாராவது "இரட்சிப்பே சந்தேகம்" என்று பயமுறுத்தினால், அவர் தன் சபையின் உபதேசத்தையே தாண்டிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

"எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 1 கொரிந்தியர் 12-இல் பவுல் கேட்கிற கேள்வியை எடுத்துக்காட்டி வாதாடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். "அது சபையில் பேசுகிற வரத்தைப் பற்றியது, அபிஷேக அடையாளம் வேறு" என்று பாஸ்டர் பதில் வைத்திருப்பார். வசனத்துக்கு வசனம் போட்டு நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை, ஜெயித்தாலும் வீட்டில் சோறு இறங்காது.

சரி, உங்கள் ஊர்ச் சபை மட்டும் என்ன, சுதந்திர பூமியா? திடப்படுத்தல் ஆராதனையில் 15 வயதுப் பிள்ளையிடம் "விசுவாசிக்கிறாயா?" என்று கேட்கும்போது "இன்னும் யோசிக்க வேண்டும்" என்று பதில் சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. புது உடுப்பு எடுத்தாச்சு, சொந்தக்காரர்கள் வந்தாச்சு, வீட்டில் கறி வேகிறது. அங்கேயும் எல்லோரும் ஒரே குரலில் "விசுவாசிக்கிறேன்"தான். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. கூட்டத்தின் நெருக்கடி ஒரு சபைப் பிரிவின் வியாதி என்று நினைத்துக்கொண்டு, இதை விட்டு அதற்குத் திரும்பினால் எல்லாம் தீரும் என்று கணக்குப் போட வேண்டாம்.

இது புதிதும் அல்ல. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் நடந்ததைப் பாருங்கள். பேதுரு புறஜாதியாரோடு (யூதர் அல்லாதவர்களோடு) ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிப்போனார். அவரைப் பார்த்து மற்றவர்கள், கடைசியில் பர்னபாவும். யாரும் உபதேசத்தை மாற்றிக்கொண்டு எழுந்து போகவில்லை. பக்கத்து இலைக்காரர் எழுந்தார், நாமும் எழுந்தோம், அவ்வளவுதான். பந்தியில் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இந்தக் காட்சி நன்றாகப் புரியும்.

உங்கள் நிலைமைக்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற ஆள் தோமா. அவருக்குச் "சந்தேகத் தோமா" என்று பெயர் வைத்துவிட்டோம். உயிர்த்தெழுந்தவரை மற்றப் பத்து சீஷர்களும் பார்த்துவிட்டார்கள், தோமா அன்றைக்கு அங்கே இல்லை. வந்தவுடன் பத்துப் பேரும் "கர்த்தரைக் கண்டோம்" என்கிறார்கள். "அப்படியா, ஸ்தோத்திரம், எனக்கும் காண்கிற மாதிரிதான் இருக்கிறது" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை, பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த வசனம். எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அவர்களும் "உனக்குள் ஏதோ தடை" என்று வெளியே தள்ளவில்லை. காணாததைக் கண்டேன் என்று சொல்லாத ஒருவர் அதே அறையில் இருக்க முடிந்திருக்கிறது.

நீங்களும் அந்த அறையிலேயே இருக்கலாம். வராததை வந்தது என்று சொல்லாமல் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் வெளியேறும் ஆசை எனக்குத் தெரியவில்லை, அதனால் வெளியேறச் சொல்லவும் மாட்டேன். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பெண்களுக்காக உழைத்த பண்டித ரமாபாயை நினைத்துப் பாருங்கள். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அதற்குப் பிறகு தன்னை வழிநடத்த வந்த ஆங்கிலிக்கன் சகோதரிகளோடு கடிதம் கடிதமாக வாதாடினார். ஒரு புரோகிதர் கூட்டத்தின் நுகத்தை இப்போதுதான் கழற்றிப் போட்டேன், இன்னொன்றை ஏற்க மாட்டேன் என்று எழுதினார். அப்படிப்பட்டவர் மகாராஷ்டிராவில் நடத்திய கேட்காவ்ன் முக்தி மிஷனில்தான் 1905-இல் பெரிய எழுப்புதல் உண்டானது. அதே கூரையின் கீழ் பெண்கள் உரத்து அழுது ஜெபித்தார்கள். சொந்த மனசாட்சியை விட்டுக்கொடுக்காத பெண்ணுக்கு ஆவியானவரின் வாசல் அடைபடவில்லை.

இனி செய்ய வேண்டியவை.

சாட்சியைத் தள்ளிவையுங்கள். அதற்கு இன்னொரு பொய் வேண்டாம், காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளவும் வேண்டாம். பாஸ்டரிடம் நேரே, "பாஸ்டர், சாட்சி சொல்ற நிச்சயம் எனக்கு இன்னும் வரல. வந்தா நானே உங்ககிட்ட வந்து கேக்குறேன்" என்று சொன்னால் போதும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதற்கு மேல் விளக்கம் கேட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். உபவாசக் கூட்டத்தில் தலையில் கைவைக்க வந்தால், "எனக்காக உங்க இடத்துல இருந்தே ஜெபம் பண்ணுங்க அக்கா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தடவை நாக்கு ஒட்டும். இரண்டாவது தடவை அவ்வளவு இருக்காது.

அடுத்தது கணவர். இதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த சூட்டில் பேச வேண்டாம். அத்தை வீட்டில் இல்லாத ஒரு காலை நேரம் பாருங்கள். பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, "நாம ரெண்டு பேரும் முடிவு பண்ற வரைக்கும் இது வெளியே போகக் கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: "அன்னைக்கு வெள்ளிக்கிழமை நான் பேசுனது உண்மை இல்ல. எல்லாரும் எதிர்பாத்தாங்க, என்னால தாங்க முடியல. நான் ஆண்டவரை விடல. ஆனா மைக்கு முன்னால நின்னு அதைச் சாட்சியா சொல்ல முடியாது." அவருக்குக் கோபம் வரலாம். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கும் அதே எண்பது பேரின் பயம் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, அந்தக் கோபத்துக்கு ஒரு வாரம் நேரம் கொடுங்கள். ஆஷின் சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. அந்த அறையில் ஒரே ஓர் ஆள் சரியான கோட்டைச் சொன்னாலும், கூட்டத்துக்குப் பணிந்து தப்பாகச் சொல்வது கால்பங்காகக் குறைந்துவிட்டது. உங்களுக்குத் தேவை எண்பது பேரின் சம்மதம் அல்ல, ஒருவர். அது கணவராக இருந்தால் மிக நல்லது.

சபைக்கு முன்னால் எழுந்து "நான் நடித்தேன்" என்று அறிக்கையிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆண்டவரிடம் சொல்லிவிட்டீர்கள். கணவரிடம் சொல்லப் போகிறீர்கள். எண்பது பேர் முன்னால் சொன்னால் அது அடுத்த வெள்ளிக்கிழமைக்கான புதிய ஜெபக் குறிப்பாகத்தான் ஆகும்.

கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு விஷயங்களை மட்டும் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். தைராய்டு மாத்திரையை "விசுவாசம் வந்தா தேவைப்படாது" என்று ஓர் அக்கா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு எதிர்பார்த்திருப்பதாகவும் எழுதியிருப்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். இதில் கணவர், அத்தை, பாஸ்டர் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. இரண்டாவது, உங்கள் ஊர்க் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசனத்துக்கும் போகக் கூடாது என்று சொன்னது. போங்கள். அம்மா அப்பாவைப் பாருங்கள், அசனச் சோறு சாப்பிடுங்கள். பிறந்த வீட்டோடு தொடர்பை அறுப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, சம்பளத்துக்குக் கணக்குக் கேட்பது, போனைச் சோதிப்பது. இவற்றில் எதுவாவது தொடர்ந்து நடந்தால் அது இனி உபதேச வித்தியாசம் அல்ல. அப்போது நான் வேறு மாதிரி பதில் எழுதுவேன், உடனே எழுதுங்கள்.

கடைசியாக, அத்தை. துணி அலசும்போது அவர் பழைய கீர்த்தனைகளை முணுமுணுப்பதாகவும், கல்யாணத்துக்கு முன்பு அவரும் நாசரேத் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபைப் பிள்ளைதான் என்றும் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். கணவரிடம் பேசி முடித்த பிறகு, அவசரம் இல்லை, ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து துணியைப் பிழிந்துகொண்டே கேட்டுப் பாருங்கள்: "அத்தை, உங்களுக்கு அபிஷேகம் வர எத்தனை நாள் ஆச்சு? அதுக்கு முன்னால உங்களை என்ன சொன்னாங்க?" வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.